18 இலட்சம் கொடுத்தால் கப்பல் பொறியியலாளர் ஆகலாமா?

வடமராட்சியிலிருந்து 23 வயது இளைஞர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களைத் தவிர்த்து அதன் சாரத்தைத் தருகிறேன்.

உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் படித்தவர். என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்றகைமையின் நான்காம் நிலையில் டீசல் எஞ்சின் திருத்தும் பயிற்சியை முடித்துவிட்டு, குருநகரில் மாமாவின் பட்டறையில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைத் திருத்திவருகிறார். தந்தை இல்லை. வீட்டில் அம்மாவும் திருமணமாகாத அக்காவும் இருக்கிறார்கள். பாட்டனார் பாய்க்கப்பலில் போனவர். கொழும்பில் உள்ள முகவர் ஒருவர், 18 இலட்சம் ரூபாய் தந்தால் வெளிநாட்டுக் கப்பலில் ‘நேரடியாக நான்காவது பொறியியலாளர்’ வேலை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சில நாள் பாதுகாப்புப் பயிற்சி, வேறொரு நாட்டின் தகுதிச் சான்றிதழ், வளைகுடாத் துறைமுகம் ஒன்றுக்கு விசிட் விசா எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கமாம். 1 இலட்சம் ரூபாயைப் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுத்துவிட்டார்கள். கடவுச்சீட்டும் முகவரிடம்தான் இருக்கிறது. மீதிக்காக வீட்டுக் காணியை ஈடு வைக்க அம்மா காணி உறுதியை எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போக இருக்கிறார். இந்த முகவரை நம்பலாமா, பட்டறை அனுபவம் கணக்கில் வருமா, கண்ணாடி அணிவது தடையா, பேசாமல் பொறியியல் பட்டம் படிப்பதுதான் நல்லதா, கப்பல்களில் சம்பளமின்றிக் கைவிடப்படுவோரைப் பற்றி அம்மா கேள்விப்படுவது உண்மையா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காணியை ஈடு வைக்க வேண்டாம். அந்த முகவருக்கு இனி ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். கப்பல் ஆசையை மட்டும் விட வேண்டாம்; உங்கள் கையில் இருக்கும் தொழில் அதற்கு நல்ல அத்திவாரம். கப்பலில் பிரதமப் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இரண்டுக்கும் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான்காவது பொறியியலாளர் என்ன செய்கிறார்?

அவர்தான் அதிகாரிகளில் இளையவர் என்பதால் சில்லறை வேலைகளைப் பார்ப்பவர் என்று நினைத்திருக்கிறீர்கள். முகவரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார் போலும். பெரும்பாலான கப்பல்களில் எரிபொருள் சுத்திகரிப்பு இயந்திரங்கள், காற்றழுத்திகள், பம்புகள் அவர் பொறுப்பு. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் கப்பல் நடுக்கடலில் நிற்க நேரலாம்.

இவற்றில் எரிபொருளைச் சுத்திகரிக்கும் பியூரிபையர் என்ற ஒரே ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். பெரிய கப்பல்கள் எரிக்கும் கனரக எண்ணெய் சாதாரண வெப்பநிலையில் தார் போல இறுகிக் கிடக்கும். அதை ஏறத்தாழ 98 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுழலும் உலோகக் கிண்ணத்துக்குள் விட்டுத் தண்ணீரையும் கசடையும் பிரித்தெடுக்க வேண்டும். சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெயோடு வரும் அலுமினியம், சிலிக்கன் நுண்துகள்கள் இங்கே தப்பிப்போனால், பிரதான எஞ்சினின் சிலிண்டர் உட்சுவரான லைனரையும் பிஸ்டன் வளையங்களையும் அரைத்துவிடும். அந்தக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுவது நான்காவது பொறியியலாளரின் வழக்கமான வேலை. உள்ளே கூம்புத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அடுக்கு மாறக்கூடாது. மேலே பூட்டும் பெரிய வளையத்துக்குப் பெரும்பாலும் இடப்புற மரை இருக்கும். பழக்கதோஷத்தில் வலப்புறம் திருப்பி இறுக்கினால் அது கழன்றுதான் வரும். வளையத்திலும் கிண்ணத்திலும் வெட்டியிருக்கும் குறிகள் சரியான இடத்துக்கு வரும்வரை இறுக்க வேண்டும். குறி தாண்டினால் மரை தேய்ந்துவிட்டது என்று பொருள், அப்படியே ஓட்டக்கூடாது. அந்த வேகத்தில் சமநிலை குலைந்த கிண்ணம் பக்கத்தில் நிற்பவரை உயிரோடு விடாது. இதைச் செய்யும்போது அறையின் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கும். காதுக் கவசத்தைக் கழற்ற முடியாத இரைச்சல். கப்பல் ஆடிக்கொண்டும் இருக்கும்.

இப்போது உங்கள் படகு எஞ்சினை நினைத்துப் பாருங்கள். பின்னால் போக கியரை மாற்றுகிறீர்கள். பெரும்பாலான பெரிய சரக்குக் கப்பல்களில் கியர்பெட்டியே கிடையாது. பிரதான எஞ்சின் இரண்டடிப்பு டீசல் எஞ்சின். கப்பலைத் தள்ளும் சுழலியின் தண்டோடு நேரே பிணைக்கப்பட்டு, நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றோ அதற்கும் குறைவாகவோ ஓடும். பின்னால் போக வேண்டுமானால் எஞ்சினையே நிறுத்தி எதிர்ப்பக்கமாக இயக்க வேண்டும். இயக்குவதற்கு 30 பார் அழுத்தக் காற்று வேண்டும். காற்றுக் கொள்கலம் காலியானால் துறைமுக வாயிலில் நின்று என்ன செய்வீர்கள்? அந்தக் காற்றழுத்தியும் நான்காவது பொறியியலாளரின் பொறுப்புத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஞ்சினின் அடிப்பகுதியான கிராங் அறைக்குள் எண்ணெய்ப் புகை கூடிவிட்டது என்று அலாரம் அடித்தால், கதவைத் திறந்து என்னவென்று பார்க்கத்தான் எவருக்கும் கை துடிக்கும். உள்ளே ஒரு பேரிங் தணலாய்ச் சூடேறியிருக்க, காற்று புகுந்தால் வெடிக்கும். எஞ்சினை நிறுத்தி, கதவுகளுக்கு எதிரே நிற்காமல் விலகி, குறைந்தது அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். பயிற்சி இல்லாதவர் திறந்துவிடுவார்.

2020 செப்டெம்பரில் நம் கிழக்குக் கடலுக்கு அப்பால் ‘நியூ டயமண்ட்’ எண்ணெய்க் கப்பல் எரிந்தது நினைவிருக்கும். எஞ்சின் அறையில்தான் அது தொடங்கியது. கொதிகலன் வெடித்ததில் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கடலோடி ஒருவர் உயிரிழந்தார். 2024 மார்ச்சில் கொழும்பை நோக்கிப் புறப்பட்ட ‘டாலி’ கொள்கலக் கப்பல் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து வெளியே வரும்போது மின்சாரத்தை இழந்து பாலத்தில் மோதியது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த 6 பேர் இறந்தார்கள். முதல் மின்தடைக்குக் காரணம் சரியாகச் செருகப்படாத ஒரு கம்பி இணைப்பு என்று விசாரணையில் தெரியவந்தது. ஒரு கம்பிதான், தம்பி. அந்த இடத்தில் விலை கொடுத்து வாங்கிய சான்றிதழோடு நீங்கள் நின்றிருந்தால், கப்பலில் உள்ள இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிர் உங்கள் கையில் இருந்திருக்கும்.

அந்த ‘நேரடி’ வேலை

எஞ்சின் அறைக் காவலுக்கு, அதாவது முறைவைத்து இயந்திரங்களைக் கண்காணிக்கும் பணிக்கு, பொறுப்பேற்கும் பொறியியலாளருக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதை எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேச உடன்படிக்கை வகுத்திருக்கிறது. 1978-ல் உருவாகி 2010-ல் மணிலாவில் பெரிதாகத் திருத்தப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து படித்தால், பட்டறைப் பயிற்சியும் கடற்சேவையும் சேர்ந்து குறைந்தது 12 மாதங்கள் ஆக வேண்டும். கப்பலில் செய்த ஒவ்வொரு வேலையும் பயிற்சிப் பதிவேட்டில் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். அந்தத் திட்டத்துக்கு வெளியே வருபவருக்கு 36 மாதங்கள். அதில் 30 மாதங்களாவது கப்பலின் எஞ்சின் பிரிவில் கழிந்திருக்க வேண்டும். எந்த வழியாக வந்தாலும், தகுதிபெற்ற பொறியியலாளரின் மேற்பார்வையில் குறைந்தது 6 மாதம் காவல் பார்த்திருக்க வேண்டும். அதன்பிறகே பரீட்சை.

முகவர் சொல்லும் சில நாள் பயிற்சி உண்மையானதுதான். உயிர்காத்தல், தீயணைப்பு, முதலுதவி, தனிமனிதப் பாதுகாப்பு ஆகியவற்றைக் கற்பிக்கும் அடிப்படைப் பயிற்சி அது. சமையற்காரர் உட்படக் கப்பலில் பணிபுரியும் எல்லோருக்கும் அது வேண்டும். அதை முடித்தவர் கப்பலில் ஏறலாம். பொறியியலாளர் ஆகிவிட முடியாது. ஒரு நாள்கூடக் கப்பலில் இராத உங்களுக்கு ஒருவர் தகுதிச் சான்றிதழ் தருகிறார் என்றால், அது போலியாக இருக்கும். அல்லது உங்கள் பெயரில் பொய்யான கடற்சேவை எழுதப்பட்டிருக்கும். துறைமுகத்தில் ஏறும் பரிசோதகர்கள் சான்றிதழை, அதை வழங்கிய நாட்டின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிடிபட்டால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் நீங்கள். முகவர் கொழும்பில் இருப்பார்.

அதற்கும் மேலாக, இப்படி ஆளெடுக்கும் கப்பல் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். ஒழுங்கான கம்பனி கடலனுபவம் இல்லாதவரை அதிகாரியாக ஏற்றாது. ஏற்றுகிற கம்பனி, எழுத வேண்டாத இடத்தில் கையொப்பம் இடவும் சொல்லும். எண்ணெய்க் கழிவுநீரைப் பிரிப்பான் வழியாக விட்டு, 10 இலட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாமல்தான் கடலில் விடலாம் என்பது விதி. பிரிப்பானைத் தவிர்த்து இரகசியக் குழாய் பூட்டிக் கழிவைக் கொட்டிவிட்டு, எண்ணெய்ப் பதிவேட்டில் பொய் எழுதிய பொறியியலாளர்கள் அமெரிக்காவில் சிறைக்குப் போயிருக்கிறார்கள். ‘மேலதிகாரி சொன்னார், செய்தேன்’ என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை.

உங்களுக்கு உள்ள வழிகள்

பட்டறையில் நீங்கள் கழித்த காலம் கடற்சேவைக் கணக்கில் சேராது. மாமாவின் கடிதத்தைக் காட்டி மாதங்களைக் குறைக்க முடியும் என்று எண்ணியிருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆனால் இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதித்த கை, சத்தத்தைக் கேட்டே எந்தச் சிலிண்டர் தட்டுகிறது என்று சொல்லும் காது, இவை நேர்முகத் தேர்விலும் முதல் ஒப்பந்தத்திலும் உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும். வகுப்பறையிலிருந்து நேரே கப்பலுக்கு வந்து, ஸ்பனரைப் பிடிக்கவே தடுமாறிய கடெட்டுகளை (பயிற்சி அதிகாரிகளை) நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் வழி, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் கடல்சார் பொறியியல் படித்து எஞ்சின் கடெட்டாகக் கப்பலேறுவது. மாலபேயில் உள்ள சினெக் போன்ற நிறுவனங்கள் இதை நடத்துகின்றன. இதுதான் நேரான பாதை. ஆபத்தும் இங்கே உண்டு: படிப்பை முடித்துவிட்டு, பயிற்சிக்கு ஏற்றிக்கொள்ளக் கப்பல் கிடைக்காமல் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடற்சேவை இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஆகவே கட்டணம் கட்டுவதற்கு முன்பு, எந்தக் கப்பல் கம்பனி உங்களைக் கடெட்டாக ஏற்கிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். ‘பார்த்துச் செய்து தருவோம்’ என்ற வாய்ச்சொல்லுக்குப் பணம் கட்டாதீர்கள். முந்தைய வகுப்புகளில் எத்தனை பேர் கப்பலேறினார்கள் என்றும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. போவது உங்கள் அம்மாவின் பணம்.

இரண்டாவது வழி, அடிப்படைப் பயிற்சியை முடித்து, கடலோடிப் பதிவேடான சி.டி.சி. எடுத்து, எஞ்சின் அறையில் வைப்பர் என்ற கடைநிலை ஊழியராகத் தொடங்குவது. துடைப்பது, வர்ணம் அடிப்பது, கசடு அள்ளுவது என்று தொடங்கி மோட்டார்மன், ஃபிட்டர் என உயரலாம். உங்கள் என்.வி.கியூ. தகைமையும் வெல்டிங், லேத் பழக்கமும் ஃபிட்டர் வேலைக்கு நன்றாக உதவும். முன்னே சொன்ன 36 மாதக் கணக்கு இந்த வழியால் வருபவர்களுக்கானது. செலவு குறைவு, காலம் அதிகம். சில கம்பனிகள் இவர்களை அதிகாரியாக உயர்த்துவதே இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கொழும்பு டொக்யார்ட் போன்ற கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் தொழில் பழகுவது மூன்றாவது வழி. மின்சாரத்தில் நாட்டம் இருந்தால் கப்பலின் மின்தொழில்நுட்ப அதிகாரி என்ற தனிப் பாதையும் இருக்கிறது. கடிதத்தைப் பார்த்தால் உங்களுக்கு எஞ்சினில்தான் மனம்.

என் கருத்தைக் கேட்டால், கம்பனியின் எழுத்துமூல உறுதியோடு கடெட் இடம் கிடைக்குமா என்று ஓராண்டு முயலுங்கள். கிடைக்காவிட்டால் வைப்பராகப் போகத் தயங்காதீர்கள். பல்கலைக்கழகப் பட்டம் நல்லதுதான். ஆனால் இயந்திரப் பொறியியல் பட்டம் இருந்தாலும் கடற்சேவையும் கடல் பரீட்சையும் இல்லாமல் எஞ்சின் அறையைப் பொறுப்பேற்க முடியாது. முதல் ‘டிக்கெட்’, அதாவது தகுதிச் சான்றிதழ், எடுத்தபின் இரண்டாவது பொறியியலாளர் தகுதிக்கு 12 மாதக் கடற்சேவை, பிரதமப் பொறியியலாளர் தகுதிக்கு மொத்தம் 36 மாதம் என்று படிகள் ஏறும். ஒவ்வொரு படிக்கும் பரீட்சை உண்டு.

ஒன்றை இன்றே தொடங்கலாம்: ஆங்கிலம். இயந்திரக் கையேடு, பதிவேடு, அலாரம் அடிக்கும்போது போடும் உத்தரவு எல்லாம் அதில்தான். நீங்கள் திருத்தும் எஞ்சின்களின் கையேட்டை நாளுக்கு ஒரு பக்கம் வாசித்து, வாசித்ததை உரக்கச் சொல்லிப் பழகுங்கள். நேர்முகத் தேர்வில் நம் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் தொழிலில் அல்ல, தெரிந்ததைச் சொல்ல முடியாமல்தான்.

கண்ணாடி தடையில்லை. கப்பலைச் செலுத்தும் அதிகாரிகளுக்கான பார்வை விதியைவிட எஞ்சின் பிரிவுக்கான விதி தளர்வானது. கண்ணாடியோடு அளந்து பார்ப்பார்கள். நிறப்பார்வையிலும் சற்றுச் சலுகை உண்டு, ஆனால் சோதனை உண்டு. எனவே எந்தக் கட்டணமும் கட்டுமுன், கடலோடிகளைப் பரிசோதிக்க அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் சோதனை செய்துகொள்ளுங்கள்.

அம்மாவின் பயம்

அம்மா கேள்விப்பட்டது உண்மை. சம்பளமும் உணவும் இல்லாமல் துறைமுகத்துக்கு வெளியே மாதக்கணக்கில் கைவிடப்பட்ட கடலோடிகள் இருக்கிறார்கள். கடலோடிகளின் உரிமைகளைக் காக்கத்தான் 2006-ன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வந்தது. அது 2013-ல் நடைமுறைக்கு வந்தது, இலங்கையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதில் உங்கள் வீட்டுக்கு மிக முக்கியமான விதி ஒன்று உண்டு. வேலை எடுத்துத் தருவதற்காகக் கடலோடியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக்கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் பதிவேடு, கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவு மட்டுமே உங்களுடையது. விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது. கல்லூரிக் கட்டணம் இதில் சேராது, அது படிப்புக்கான பணம். ஆனால் ‘வேலைக்கு’ என்று கேட்ட 18 இலட்சம் முழுவதும் இந்த விதிக்கு முரணானது.

ஏறும் முன் கையொப்பமிட்ட வேலை ஒப்பந்தத்தின் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேரமும், 7 நாளில் 77 மணி நேரமும் குறையாத ஓய்வு வேண்டும். இரண்டு மாதம் சம்பளம் வராவிட்டால் கைவிடப்பட்டவராகக் கருதப்படுவீர்கள். நிலுவைச் சம்பளத்தில் 4 மாதம் வரைக்கும், ஊர் திரும்பும் செலவுக்கும் கப்பல் காப்பீடு வைத்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருப்பார்கள். கப்பலின் பெயரும் கொடியும் மாறலாம், கப்பலின் அடையாளமான 7 இலக்க ஐ.எம்.ஓ. எண் மாறாது. முகவர் கப்பல் பெயரைச் சொன்னால் அந்த எண்ணைக் கேளுங்கள். எக்வாசிஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டால், கப்பல் எந்தத் துறைமுகத்தில் எதற்காகத் தடுத்துவைக்கப்பட்டது என்பது வரை தெரியும். எண்ணைச் சொல்ல மறுப்பவரிடம் கப்பலே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

முதலில் கடவுச்சீட்டு. அதைப் பிடித்து வைத்திருக்க முகவருக்கு உரிமை இல்லை. தொலைபேசியில் கெஞ்சாமல், திருப்பித் தருமாறு பதிவுத் தபாலில் கேளுங்கள். 1 இலட்சம் கொடுத்த நாளையும் யார் முன்னிலையில் கொடுத்தீர்கள் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். பற்றுச்சீட்டு இல்லாவிட்டாலும் வங்கியில் பணம் எடுத்த பதிவு, தொலைபேசிச் செய்திகள், முகவரின் குரல் பதிவுகள் இருக்கும். ஒன்றையும் அழிக்காதீர்கள்.

பிறகு கொழும்பில் உள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தில், அந்த முகவர் கடலோடிகளை அனுப்ப அனுமதி பெற்றவரா என்று கேளுங்கள். உங்கள் என்.வி.கியூ. சான்றிதழின் பிரதியைக் கொடுத்து, எந்தப் பயிற்சிகளை அவர்கள் ஏற்கிறார்கள் என்ற பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதியற்றவர் என்று தெரிந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். சட்டத்தரணிக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பணத்தைக் கையில் கொடுத்தவர் அவர் என்பதால் அவருடைய வாக்குமூலமும் வேண்டும். காணி உறுதியை அதுவரை அக்கா பத்திரமாக வைத்திருக்கட்டும்.